திருகோணமலை மண்ணில் கோவா, நோக்கோல், பூக்கோவா: நடுவதற்கு முன் மண்ணைத் தயார்செய்ய முழு வழிகாட்டி

கோவா மலைநாட்டுப் பயிர், எங்கள் வெயிலுக்குச் சரிவராது என்று திருகோணமலையில் பலர் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. வைகாசியிலோ ஆனியிலோ நட்டால் இங்கே கோவா தலை கட்டாது. ஆனால் கார்த்திகை முதல் மாசி வரை சூடு தணிந்து வாடைக்காற்று வீசுகிறது. கே.கே. குரோஸ் போன்ற சூடு தாங்கும் கலப்பின விதைகளும் இருக்கின்றன. அந்த மாதங்களில் நட்டும் இலை மஞ்சளாகி, கோவா தலை பிடிக்காமல், நோக்கோல் நாரோடிப் போகிறது என்றால் வெயிலைக் குறைசொல்ல முடியாது. மண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் மண்ணில் சத்துக் குறைவு என்பதைவிட, போட்ட சத்தையும் ஊற்றிய தண்ணீரையும் அதனால் பிடித்து வைக்க முடியவில்லை என்பதே பெரிய குறை. நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்க மணலில் இன்று போடும் யூரியாவில் பெரும்பங்கு அடுத்த அடைமழையோடு கிணற்றடிக்குப் போய்விடும். வருடத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரைக்குள் கொட்டித் தீர்க்கிறது. மீதி மாதங்களில் வெயிலும் கச்சான் காற்றும் மண்ணில் உள்ள மக்கை, அதாவது மக்கிய இலைதழை எருவை, வேகமாகத் தின்றுவிடுகின்றன. ஆகவே முதலில் மண்ணுக்குப் பிடிமானம் உண்டாக்க வேண்டும், அப்புறம்தான் தீனி. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கோவாவை நட்டுவிட்டுப் பசளைக்கு ஓடுகிறார்கள்.

வேலை ஆனி கடைசியில் தொடங்குகிறது. ஆனியில் கொத்துதல், எருக்குழி வெட்டுதல். ஆடி, ஆவணியில் பொலித்தீன் மூடி வெயிலில் மண்ணை வேகவைத்தல். புரட்டாதியில் எரு கலந்து பாத்தி அமைத்தல். ஐப்பசியில் நாற்றுமேடை. கார்த்திகை நடுவில் இருந்து மார்கழிக்குள் நடுகை.

கோவா குடும்பம் மண்ணிடம் கேட்பது

கோவா, பூக்கோவா, நோக்கோல், முள்ளங்கி, கடுகு, சீனக்கோவா, புரோக்கோலி எல்லாம் ஒரே குடும்பம். முள்ளங்கியையும் கடுகையும் தவிர மற்றவை பெருந்தீனிக்காரர். நைதரசன், பொட்டாசியம் நிறைய வேண்டும். கல்சியமும் கந்தகமும் மற்ற மரக்கறிகளைவிடக் கூடுதலாக வேண்டும். கடுகிலும் முள்ளங்கியிலும் ஏறும் காரம் கந்தகத்தால் ஆனது. போரன் இம்மியளவுதான் வேண்டும், ஆனால் அது இல்லாவிட்டால் பூக்கோவா கெட்டுவிடும். மண்ணின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 6 முதல் 7 வரை இருந்தால் நல்லது, 7.5 வரை சமாளிக்கலாம்.

இன்னொன்றைத் தோட்டம் செய்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. பெரும்பாலான பயிர்களின் வேரோடு ஒருவகைப் பூஞ்சணம் கூட்டுச் சேர்ந்து, வேர் எட்டாத இடத்துப் பொஸ்பரசைக் கொண்டுவந்து கொடுக்கும். கோவா குடும்பத்துக்கு அந்தக் கூட்டு இல்லை. வேர் தானாக எட்டித் தொடுகிற பொஸ்பரஸ் மட்டுமே அதற்குக் கிடைக்கும். அதனால் பொஸ்பரஸ் தரும் பசளையைப் பாத்தி முழுக்கத் தூவுவதைவிட வேருக்குக் கிட்ட வைப்பது மேல். வேர்ப்பூஞ்சணத் தூள் என்று பைக்கற்றில் விற்பதைக் கோவாவுக்கு வாங்குவது வீண் செலவு. மிளகாய்க்கோ கத்தரிக்கோ அது உதவலாம்.

முதலில் உங்கள் வளவு மண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

மாவட்டம் முழுக்க ஒரே மண் இல்லை. உப்புவெளி முதல் குச்சவெளி வரை கரையோரம் மணல். கந்தளாய், பன்குளம், மொரவெவ பக்கம் செங்கபில மண். காய்ந்தால் மண்வெட்டி தெறிக்கும், நனைந்தால் காலில் அப்பும். தம்பலகாமம், கிண்ணியா வயல் ஓரங்களில் நீர் தேங்கும் சாம்பல் நிறக் களி. மூதூர், வெருகல் பக்கம் மகாவலி கொண்டுவந்து சேர்த்த வண்டல். அது இந்த மாவட்டத்தின் மிக நல்ல தோட்ட மண் என்பது என் எண்ணம், வெள்ளம் வராத மேட்டில் இருந்தால்.

ஒரு சாண் ஆழத்தில் இருந்து ஒரு கைப்பிடி மண் எடுங்கள். தண்ணீர் தெளித்துப் பிசைந்து உருட்டுங்கள். உருண்டையே வராமல் உதிர்ந்தால் மணல். உருண்டை வந்து, விரலால் தட்ட இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் நல்ல கலப்பு மண். உள்ளங்கைகளுக்கு இடையில் கயிறாகத் திரிக்க முடிந்து, அந்தக் கயிறு வளைந்தும் உடையாவிட்டால் களி.

அடுத்தது நீர் வடிவது. ஒரு அடி ஆழக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி நேரம் பாருங்கள். கரையோர மணலில் இரண்டாம் தடவையும் சில நிமிடங்களில் தண்ணீர் காணாமல் போகும். அந்த இடத்தில் எருவைக் கூட்டி, தண்ணீரைச் சிறுகச் சிறுகக் கொடுக்க வேண்டும். மணித்தியாலத்துக்கு ஓரிரு அங்குலம் இறங்கினால் கவலையில்லை. நாலைந்து மணித்தியாலம் கழித்தும் தண்ணீர் அப்படியே நின்றால், உயரமான பாத்தி இல்லாமல் மாரியில் கோவா வைக்கவே கூடாது. வேர் மூச்சு முட்டி அழுகிவிடும்.

கடற்கரைக்குக் கிட்ட இருப்பவர்கள் இன்னொரு சோதனையும் செய்யுங்கள். காய்ந்த மண்ணை ஒரு பீங்கான் தட்டில் பரப்பி, அரைத் தேசிக்காயைப் பிழிந்து விடுங்கள். நுரை பொங்கினால், காதுக்குக் கிட்டக் கொண்டுபோகச் சிற்றொலி கேட்டால், அதில் சிப்பித் தூளும் பவளத் தூளும் கலந்திருக்கின்றன. அது கார மண், பி.எச். 8ஐத் தொடக்கூடும். சுண்ணாம்பு, டொலமைற் (மக்னீசியம் கலந்த சுண்ணக்கல் தூள்), சாம்பல் ஒன்றும் அதில் போடக்கூடாது. ஏற்கெனவே பொஸ்பரஸ், இரும்பு, நாகம் (துத்தநாகம்), போரன் எல்லாம் பூட்டிக் கிடக்கும் மண் அது. பூட்டை இன்னும் இறுக்குவதாக முடியும்.

பி.எச். பார்க்க, மண்ணில் குத்துகிற மலிவு மீற்றர்களை நம்பி முடிவெடுக்க வேண்டாம். உங்கள் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கண்டால், மண் மாதிரியை எப்படி எடுத்து எங்கே கொடுப்பது என்று கேட்டுக்கொள்ளலாம். வளவின் ஐந்தாறு இடங்களில் எடுத்த மண்ணைக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ கொடுத்தால் போதும்.

உப்பு

ஆவணி, புரட்டாதியில் கரையோரக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கும்போது உவர்ப்பு ஏறும். மண்ணின் உப்புத்தன்மை மீற்றருக்கு 1.8 டெசிசீமன்ஸை (மின்கடத்தலை வைத்து உப்பை அளக்கும் அலகு) தாண்டினால் கோவாவின் விளைச்சல் குறையத் தொடங்கும். அதற்குமேல் ஒவ்வொரு அலகுக்கும் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு விழும். முள்ளங்கி 1.2இலேயே சோர்ந்துவிடும். புரோக்கோலி 2.8 வரை தாங்கும். அளக்க வசதி இல்லாவிட்டால், பாத்தி ஓரத்தில் வெள்ளைப் பொருக்குப் படிகிறதா, பழைய இலைகளின் விளிம்பு கருகுகிறதா என்று பாருங்கள்.

இங்கே மாரி மழை எங்களுக்குச் செய்கிற பெரிய உதவி, வருடம் முழுக்கத் தேங்கிய உப்பைக் கீழே கழுவி இறக்குவது. அதனால்தான் ஐப்பசியின் முதல் நல்ல மழைகள் பெய்து முடியும்வரை கரையோரத்தில் கோவா நடவேண்டாம் என்கிறேன். உவர் மண்ணில் ஜிப்சம் சதுர மீற்றருக்கு 100 கிராம் அளவில் மழைக்கு முன் தூவிக் கொத்திவிட்டால் கழுவுதல் இன்னும் நன்றாக நடக்கும். கல்சியமும் கந்தகமும் கூடவே கிடைக்கும், பி.எச். ஏறாது.

ஆனி: கொத்துவதும் வண்டல் சேர்ப்பதும்

இனி வரும் கணக்கெல்லாம் 4 அடி அகலம், 10 அடி நீளமான ஒரு பாத்திக்கு. கோவாவாக நட்டால் மூன்று வரிசையில் 18 கன்றுகள் பிடிக்கும்.

ஆழமாகக் கொத்துவது இப்போதுதான், பிறகு இல்லை. ஒன்றரை அடிவரை மண்ணைத் தளர்த்துங்கள். மணலில் இது எளிது. செங்கபில மண்ணில் முதல்நாள் தண்ணீர் கட்டி, மறுநாளோ அதற்கடுத்த நாளோ கொத்துங்கள். கையில் பிடித்த மண் உருண்டையாகி, இடுப்பு உயரத்தில் இருந்து போட்டால் உடையும் பதத்தில் கொத்த வேண்டும். அதைவிட ஈரமாக இருந்தால் கொத்தினது காய்ந்து கட்டிபட்டுப் போகும், உடைக்க முடியாது.

மணல் வளவுக்குக் குளத்து வண்டல் போல உதவும் பொருள் வேறில்லை. எரு வருடா வருடம் கரைந்து போகும், களி போகாது. பாத்திக்கு ஏழெட்டு வாளி காய்ந்த வண்டலை உடைத்துப் பரப்பி, மேல் முக்கால் அடியோடு கலந்துவிட்டால் பல வருடத்துக்கு நிற்கும். புற்றுமண்ணும் ஆகும். உங்கள் காணிக்கு வெளியில் இருந்து மண் ஏற்றுவதென்றால் அனுமதிப்பத்திரம் வேண்டும், விசாரித்துவிட்டு ஏற்றுங்கள். செங்கபில மண்ணும் களியும் உள்ளவர்கள் பதிலுக்கு மணல் சேர்க்க ஆசைப்படுவார்கள். வேண்டாம். கொஞ்சம் மணல் களியோடு சேர்ந்தால் இன்னும் இறுகும். அங்கே எருவும் உமிக்கரியும்தான் மருந்து.

ஆடி, ஆவணி: வெயிலுக்கு வேலை கொடுங்கள்

இந்த வெயிலை நாங்கள் சபிக்கிறோம், ஆனால் மண்ணைத் தொற்று நீக்க இதைவிட மலிவான வழி இல்லை. கொத்தி மட்டப்படுத்திய பாத்தியை நன்றாக நனைத்து, நிறமற்ற மெல்லிய பொலித்தீனை மண்ணோடு ஒட்ட விரித்து, நான்கு ஓரத்தையும் மண்ணில் புதைத்து மூடுங்கள். கறுப்புப் பொலித்தீன் வேண்டாம், அது வெயிலை உள்ளே விடாது. நான்கு முதல் ஆறு கிழமை அப்படியே விடுங்கள். கச்சான் காற்று கிழித்துவிடாமல் ஓரங்களில் கல் வையுங்கள். மேல்மண்ணில் உள்ள களை விதைகள், நாற்றழுகல் பூஞ்சணம், வேர்முடிச்சு வட்டப்புழு எல்லாம் பெருமளவு செத்துவிடும்.

ஈரம் இல்லாமல் மூடினால் பயன் குறைவு. பொலித்தீனை எடுத்த பிறகு ஆழமாகக் கொத்தினாலும் பயன் போய்விடும், வேகாத கீழ்மண்ணும் அதில் உள்ள விதைகளும் மேலே வந்துவிடும். ஆழக் கொத்துவதை ஆனியிலேயே முடிக்கச் சொன்னது அதற்காகத்தான்.

எரு: எதை, எவ்வளவு, எந்தப் பதத்தில்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

எங்கள் மாவட்டத்தில் மாட்டுப்பட்டிகளுக்குக் குறைவில்லை. பட்டியில் அள்ளும் எரு மேலாகக் காய்ந்திருந்தாலும் உள்ளே பச்சையாக இருக்கும். ஒரு கட்டியை உடைத்து முகருங்கள். மூக்கைக் குத்துகிற வாடை அடித்தால் அது இன்னும் எருவாகவில்லை. பழுத்த எரு கறுத்து, கையில் பொலபொலவென்று உதிரும், மழை பெய்த மண்ணின் வாசம் வரும். பச்சையாகப் போட்டால் வெள்ளைப் புழுவும் முள்ளுக்கீரை விதையும் கூடவே பாத்திக்கு வரும். எருவைக் கிளறும்போது வளைந்து சுருண்ட தடித்த புழுக்கள் கண்டால் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். சில இனங்கள் இளங்கன்றின் வேரைக் கடித்துவிடும்.

ஆட்டெரு மாட்டெருவைவிடச் சத்துக்கூடியது. பிழுக்கையை உடைக்காமல் போட்டால் மூன்று மாதப் பயிருக்கு அது கரைந்து வந்து சேராது, இடித்துப் போடுங்கள். கோழியெரு சூடு. குறைந்தது ஆறு முதல் எட்டுக் கிழமை உமியோடு மக்கவைத்து, மாட்டெருவின் கால் பங்கு அளவே பாவியுங்கள். முட்டைக் கோழி எருவில் சுண்ணாம்பு கூட இருக்கும், தேசிக்காய்க்கு நுரைத்த மண்ணுக்கு அதைத் தவிர்க்கலாம்.

கூட்டெருவைச் சொந்தமாகச் செய்வதுதான் நல்லது. வெயில் காலத்தில் குவியல் வேண்டாம், இரண்டு நாளில் காய்ந்துவிடும். மர நிழலில் 4 அடிச் சதுரமாக, 3 அடி ஆழமாகக் குழி வெட்டுங்கள். அரை அடி வைக்கோலோ சருகோ, அதன்மேல் நாலு விரல் உயரம் கிளிசரியா இலை, அதன்மேல் ஒரு வாளி சாணக் கரைசல், ஒரு கைப்பிடி மேல்மண். இந்த ஒழுங்கில் நிரப்பி, தென்னோலையால் மூடி, இரண்டு கிழமைக்கு ஒருமுறை புரட்டுங்கள். பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசியவேண்டும், சொட்டக்கூடாது. ஆனி கடைசியில் தொடங்கினால் புரட்டாதியில் கைக்கு வரும். கிளிசரியா வேலியில் சும்மா நிற்கிறது, வெட்ட வெட்டத் தளிர்க்கிறது. அதை ஆட்டுக்கு மட்டும் விட்டுவிட வேண்டாம்.

மீன் கழிவு எங்களுக்குக் கிடைக்கிற பெரிய செல்வம். தலை, குடல், செதில் எல்லாவற்றிலும் நைதரசனும் பொஸ்பரசும் இருக்கின்றன. எருக்குழியின் நடுவில், காய்ந்த சருகு நிறையப் போட்டு அதற்குள் புதைத்து மூடுங்கள். மேலாகப் போட்டால் நாயும் காகமும் உடும்பும் விடாது. கருவாட்டுக் கழிவும் உப்பிட்ட மீன் கழுவிய தண்ணீரும் மட்டும் தோட்டத்துப் பக்கமே வரக்கூடாது.

தும்புத்தூள் தண்ணீரைத் தன் எடையைப்போல் பல மடங்கு பிடித்து வைக்கும். ஆனால் உவர் நீரில் ஊறிய பொச்சில் இருந்து வந்ததென்றால் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசுங்கள். பச்சைத் தும்புத்தூள் மக்கும்போது மண்ணின் நைதரசனைத் தானே தின்னும், ஆகவே எருக்குழி வழியாகப் போகவிடுங்கள். உமிக்கரியும் அப்படித்தான். சாணக் கரைசலில் இரண்டு கிழமை ஊறவைத்த கரி சத்தைப் பிடித்து வைக்கும். ஊறாத கரி முதலில் மண்ணிடம் இருந்து எடுக்கும்.

சரி, அளவு. மணலில் முதல் வருடம் ஒரு பாத்திக்குப் பழுத்த மாட்டெருவோ கூட்டெருவோ 20 கிலோ, அதாவது சாதாரண வாளியில் நாலு வாளி. அத்துடன் ஒரு வாளி தும்புத்தூள் அல்லது உமிக்கரி. செங்கபில மண்ணில் 12 கிலோ போதும். வெருகல் வண்டலில் 8 கிலோ. அடுத்தடுத்த வருடங்களில் மணலில் 12 கிலோவுக்கு இறக்கலாம், அதற்குக் கீழே போகவேண்டாம். இந்தச் சூட்டில் ஒரு வருடம் போட்ட எரு அடுத்த வருடத்துக்குச் சொற்பமே மிஞ்சும். ஒருமுறை போட்டோம், மண் திருந்திவிட்டது என்று இருக்க இங்கே இடமில்லை.

புரட்டாதியில் இதைப் பரப்பி, மேல் அரை அடிக்குள் மட்டும் கலந்துவிட்டு, வைக்கோலால் மூடிவையுங்கள். கோழியெருவையும் யூரியாவையும் இப்போது போடவேண்டாம். முதல் மழை அடித்துக்கொண்டு போய்விடும். முள்ளங்கி போடும் பாத்திக்கு இந்த அளவில் பாதி போதும், அதுவும் நன்றாக மக்கியதாக. பச்சை எருவும் கல்லும் பட்டால் கிழங்கு கவராகும்.

சுண்ணாம்பு, போரன், பாறைப் பொஸ்பேற்

பி.எச். 6க்குக் கீழே என்று பரிசோதனை சொன்னால் மட்டும் பாத்திக்கு அரைக் கிலோ டொலமைற், நடுவதற்கு ஒரு மாதம் முன்பு. சாம்பலையும் சுண்ணாம்பையும் பச்சை எருவோடோ யூரியாவோடோ சேர்த்துப் போட்டால் நைதரசன் அமோனியாவாகப் பறந்துவிடும்.

எப்பாவல பாறைப் பொஸ்பேற் மலிவு, நம் நாட்டுப் பொருள். ஆனால் அது கரைய அமில மண்ணும் நீண்ட காலமும் வேண்டும். எங்கள் நடுநிலை மண்ணிலும் கார மண்ணிலும் மூன்று மாதக் கோவாவுக்கு நேரடியாகப் போட்டுப் பயனில்லை. எருக்குழியின் அடுக்குகளில் தூவுங்கள். கோவாவுக்கு உடனடிப் பொஸ்பரஸ் தேவை என்றால் ரீ.எஸ்.பி. (விரைவில் கரையும் மும்மைச் சுப்பர் பொஸ்பேற் பசளை) பாத்திக்கு 80 முதல் 100 கிராம், நடுகைக் குழிகளுக்குள் எருவோடு கலந்து.

போரன் மணலில் நிற்காது, மழையோடு போய்விடும். பூக்கோவாவின் தண்டை வெட்டிப் பார்க்கும்போது நடுவில் கோறையாக, சுற்றிலும் பழுப்பாக இருந்தால், பூவில் பழுப்புப் புள்ளிகள் விழுந்தால், போரன் குறைவைச் சந்தேகியுங்கள். மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டி போராக்ஸை 10 லீற்றர் தண்ணீரில் கரைத்து, பூவாளியால் ஒரு பாத்தி முழுக்கச் சீராகத் தெளியுங்கள். போகத்துக்கு ஒரே ஒரு தடவை. கூடினால் நஞ்சு, இலை ஓரம் வெந்துவிடும். போஞ்சி இதற்கு மிகவும் கூச்சப்படும், ஆகவே அடுத்ததாகப் போஞ்சி வைக்க இருக்கும் பாத்திக்குக் கொடுக்காதீர்கள்.

அமில மண்ணில் மொலிப்டினம் குறைந்து பூக்கோவா இலை சாட்டையாக ஒடுங்கும். எங்கள் பக்கம் அது அரிது.

பாத்தியும் நாற்றுமேடையும்

மணலில் பாத்தி அரை அடி உயரம் போதும். உயர்த்தினால் காய்ந்துபோகும். செங்கபில மண்ணிலும் களியிலும் ஒரு அடி உயர்த்தி, பாத்திகளுக்கிடையே ஒன்றரை அடி வாய்க்கால் விட்டு, தண்ணீர் வளவுக்கு வெளியே போக வழி வையுங்கள். கார்த்திகை அடைமழையில் ஒருநாள் தண்ணீர் நின்றாலே கோவா வாடத் தொடங்கும். வயல் ஓரக் களியில் இருப்பவர்கள் மாரியில் பூக்கோவாவை விட்டுவிட்டு நோக்கோலோடு நிறுத்துவது புத்தி. பாத்தி அமைத்த பிறகு யாரும் அதன்மேல் கால் வைக்கக்கூடாது, பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள்.

நாற்றுமேடைக்கு மேல்மண்ணும் சலித்த கூட்டெருவும் சம அளவு. பொலித்தீன் மூடி வேகவைத்த பாத்தி மண்ணை எடுத்தால் நல்லது. அது இல்லையென்றால் மேடையின்மேல் வைக்கோலும் உமியும் மாறி மாறி அடுக்கிக் கொளுத்திச் சாம்பலை அகற்றுங்கள். ஐப்பசி மழை நேரடியாக விழாமல் கிடுகோ பொலித்தீனோ கட்டுங்கள். 21 முதல் 25 நாளில் நாற்று நான்கைந்து இலையோடு தயாராகும். கிணறு உவர் என்றால் நாற்றுக்கு மட்டுமாவது மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றுங்கள்.

நாற்றை நுவரெலியாப் பக்கம் இருந்து மண்ணோடு கொண்டுவர வேண்டாம். மலைநாட்டு அமில மண்ணில் கோவா வேரை வீங்கவைக்கும் வேர்வீக்க நோய் இருக்கிறது. அதன் வித்திகள் பயிரே இல்லாமல் பத்து வருடத்துக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும்.

நடும்போதும் நட்ட பிறகும்

ஒவ்வொரு குழிக்கும் இரண்டு கை எரு, ஒரு சிறங்கை வேப்பம் புண்ணாக்கு, ரீ.எஸ்.பி. போடுவதென்றால் அதுவும். கோவாவுக்கு 40 சென்ரிமீற்றர் வரிசை, கன்றுக்குக் கன்று 50. நோக்கோலுக்கு 30க்கு 25.

நட்டதும் மண்ணைச் சுற்றி இரு கையாலும் நன்றாக அழுத்துங்கள். பொலபொலப்பான மண்ணில் கன்று காற்றுக்கு ஆடினால் மெல்லிய வேர்கள் அறுந்து அறுந்து தலை கட்டத் தாமதிக்கும். வாடைக்காற்று வீசுகிற கரையோரத்தில் இது பெரிய விஷயம். அழுத்தியது போதுமா என்று பார்க்க ஒரு இலையின் நுனியைப் பிடித்து மெல்ல இழுங்கள். கன்று மேலே கிளம்பினால் இன்னும் அழுத்த வேண்டும். இலை நுனி கிழிந்து கையோடு வந்தால் சரி.

பத்து நாள் கழித்து, கன்று பிடித்ததும், இரண்டு அங்குலத் தடிப்பில் வைக்கோல் போடுங்கள். தண்டில் இருந்து மூன்று விரல் தள்ளி இருக்கட்டும், மாரியில் நத்தை அதற்குள் ஒளிந்திருந்து இரவில் தண்டைத் தின்னும்.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது, மண்ணில் மக்கு இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் உள்ள வித்தியாசம் வெளிச்சமாகத் தெரிந்தது. அதற்காக ஒரு பிடி யூரியாவும் ஆகாது என்பவன் அல்ல நான். எரு நன்றாகப் போட்ட பாத்தியில் நட்டு 14ஆம், 28ஆம், 42ஆம் நாள்களில் தலா 30 கிராம் யூரியா, கடைசி இரண்டு தடவையும் 30 கிராம் பொட்டாஸ், மழை விட்ட நேரம் பார்த்துக் கன்றைச் சுற்றித் தூவி மண்ணால் மூடினால் போதும். மணலில் இதே அளவை ஆறாகப் பிரித்துக் கிழமைக்கொரு முறை கொடுங்கள். இரசாயனம் வேண்டாம் என்பவர்கள் மாட்டுச் சிறுநீரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து பத்து நாளைக்கு ஒருமுறை ஊற்றலாம், அல்லது பழுத்த கோழியெருவைக் கன்றுக்கு ஒரு பிடி இரண்டு தடவை வைக்கலாம். உவர் மண்ணில் பொட்டாஸைக் குறைக்க வேண்டும், அதில் குளோரைட்டு இருக்கிறது.

தலை இறுகத் தொடங்கியதும் நைதரசனை நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு கொடுத்தால் தலை தளர்ந்து, மழைக்கு வெடித்து, அழுகும். உள்ளிலைகளின் விளிம்பு கருகினால் கல்சியம் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அனேகமாக மண்ணில் கல்சியம் இருக்கும், தண்ணீர் ஒருநாள் கூடி ஒருநாள் குறைவதால்தான் அது இலைக்கு ஏறுவதில்லை. தை, மாசியில் மழை விட்ட பிறகு மணல்காரர் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவது அதற்கு மருந்து.

அறுவடைக்குப் பிறகு

தலையை வெட்டிவிட்டுக் கட்டையை மண்ணில் விடாதீர்கள். வேரோடு பிடுங்கித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். மணி மணியாகச் சிறு முடிச்சுகள் இருந்தால் வட்டப்புழு. தடித்து ஊதிய வேர் என்றால் வேர்வீக்கம், விவசாயப் போதனாசிரியரிடம் உடனே காட்டுங்கள். இரண்டையும் எருக்குழிக்குள் போடாமல் காயவைத்து எரியுங்கள். வேர் சுத்தமாக இருந்தால் கட்டையைத் துண்டாக்கிக் குழிக்குப் போடலாம்.

அதே பாத்தியில் அடுத்த மாரிக்குக் கோவா குடும்பத்தில் எதையும் வைக்கவேண்டாம். இரண்டு மூன்று வருடம் இடம் மாற்றுங்கள். மாசியில் மண்ணில் இருக்கிற ஈரத்துக்குப் பயறோ கச்சானோ (நிலக்கடலை) போட்டால் மண்ணுக்கு நைதரசன் கிடைக்கும், கச்சான் காற்று வீசும் மாதங்களில் பாத்தி வெறுமனே கிடக்காது. வட்டப்புழு கண்ட பாத்தியில் கௌபி வைக்காமல் கச்சானே வையுங்கள், கௌபியில் அந்தப் புழு பெருகும். காய் எடுத்த பிறகு செடியை அங்கேயே வெட்டிப் பரப்பிவிட்டு, ஆடியில் பொலித்தீன் விரிக்கும்போது முடிச்சுக் கண்ட பாத்தியில் இருந்து தொடங்குங்கள்.